பெயர் எழுதத் தேவையில்லை

ஒரு கடதாசியின் தலைப்பில் "பெயர் எழுதத் தேவையில்லை" என்று அச்சடித்திருந்தால், அது பெயரைக் கண்டுபிடிப்பதற்கென்றே அச்சடிக்கப்பட்டது என்று நான் நம்பினேன். முப்பத்தாறு வயது, மீசை, அரசாங்க உத்தியோகம், ஒரு பிள்ளைக்குத் தகப்பன். இவ்வளவும் இருந்தும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அலுவலகத்தில் மற்ற ஐந்து பேருக்கும் அதைப் பற்றி விரிவுரையும் செய்தேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தட்டுப்பாட்டில் பாண் வாங்க விடிய விடிய வரிசையில் நின்ற கால்வலி இன்னும் ஆறாத காலம். ஊர்காவற்றுறையில், யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற ஒரு சின்ன அரசாங்க அலுவலகத்தில் நான் கிளாக்கர். என்ன அலுவலகம் என்று சொல்லமாட்டேன். பயம் முழுதாகத் தெளியவில்லை.

அதற்கு முன் எட்டு வருடம் தெற்கே ஒரு பட்டினத்தில் இருந்தேன். வீட்டுக்கு வருவதென்றால் ஒரு பஸ், இரண்டு றெயில், பிறகும் ஒரு பஸ். மனைவி புங்குடுதீவு மடத்துவெளியில், மகள் பிறந்ததும் அங்கேதான். வருடத்துக்கு மூன்று தரம் றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவேன். பிள்ளை கதைக்கத் தொடங்கியபோது எனக்கு வைத்த பேர் 'பெட்டி மாமா'.

"மாமா இல்லையம்மா, அப்பா" என்று மனைவி திருத்துவாள்.

"அப்பா அங்கை இருக்கிறார்" என்று பிள்ளை சுவரில் இருந்த எங்கள் கலியாணப் படத்தைக் காட்டும். படத்தில் எனக்குத் தலைமயிர் கூட. பிள்ளையைக் குற்றம் சொல்ல ஏலாது.

எழுதி எழுதி, கடைசியில் ஊருக்கு மாற்றம் கிடைத்தது. வந்த ஐந்தாம் மாதம் அவள் என்னை அப்பா என்றாள். அதுவும் சைக்கிளில் ஏற்றச் சொல்லித்தான். ஆனாலும் சொன்னாள். ஆகவே அந்த நாட்களில் எனக்கு உலகத்தில் ஒரேயொரு பயம்தான் இருந்தது: திரும்பவும் தெற்கே தூக்கி எறிந்துவிடுவார்களோ? அலுவலகத்துக்கு வரும் நீளமான கடித உறை ஒவ்வொன்றையும் பார்க்கும்போது என் வயிற்றுக்குள் ஒரு றெயில் புறப்படும்.

இப்போது எங்கள் மணிக்கூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அலுவலகத்தில் ஆறு பேர். பெரிய கிளாக்கர் காரைநகர்க்காரர். கடலைக் கடந்து வரும் மிதவையில், அதற்கு எங்கள் பக்கத்தில் பேர் 'பாதை', தினமும் குடையோடு வந்து இறங்குவார். சட்டம் என்றால் அவருக்கு உயிர். ரைப்பிஸ்ட் அக்கா அனலைதீவில் இருந்து மோட்டார் வள்ளத்தில் வருவா. நான் புங்குடுதீவு பஸ்ஸில். வேலணைக் கிளாக்கர்மார் இருவர் சைக்கிளில். பியோன் அண்ணை மட்டும் அலுவலக மதிலுக்கு அங்காலே குடியிருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறவேண்டும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் அரைநாள் லீவு போய்விடும். எல்லா அலுவலகத்துக்கும் உள்ள சட்டம்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒன்பது மணி என்பது கடற்கோட்டைப் பக்கம் அனலைதீவு வள்ளம் தலைகாட்டிப் பத்து நிமிடத்தில் வருவது. பியோன் அண்ணை யன்னலால் எட்டிப் பார்ப்பார். வள்ளம் தெரிந்தால் ஸ்ரூலில் ஏறி, மணிக்கூட்டின் கண்ணாடியைத் திறந்து, முள்ளை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கிற இடத்தில் வைத்துவிட்டு இறங்குவார். பெரிய கிளாக்கர் அந்த நேரம் பார்த்து ஏதாவது கோப்பில் தலையை விட்டிருப்பார். பிறகு நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்து, "ஒன்பதாகுது" என்று சிவப்புப் பேனையை எடுப்பார். நான் அங்கே சேர்வதற்கு முதலே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பின்னேரம் வள்ளம் புறப்படுகிற நேரத்துக்கு முள்ளுக்குத் தானாகவே கொஞ்சம் அவசரம் வந்துவிடும்.

இப்படி நாங்கள் கடலோடு ஒத்துப்போய்ச் சீவித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா வந்தா. நாற்பது வயது இருக்கும். கையில் தேத்தண்ணிப் போத்தல், தோளில் துணிப்பை, பைக்குள் தடித்த கொப்பி. பல்கலைக்கழகக் கம்பஸில் இருந்து வருகிறாவாம். புளியங்கூடலில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறாவாம். மேலிடத்து அனுமதிக் கடிதத்தைப் பெரிய கிளாக்கர் எழுந்து நின்று வாசித்தார்: நிறுவனங்களில் மனித நடத்தையும் விழுமியங்களும் பற்றிய ஆராய்ச்சி.

பியோன் அண்ணை என் காதுக்குள் கேட்டார்: "உதிலை எது எங்களிட்டை இருக்கெண்டு வந்திருக்கிறா?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "ஒருத்தரும் என்னைப் பார்க்க வேண்டாம். வழமையாச் செய்யிற மாதிரி உங்கடை வேலையைச் செய்யுங்கோ. நான் உந்த மூலையிலை இருக்கிறன்" என்றா. இருந்தா. கொப்பியைத் திறந்தா. மணிக்கூட்டைப் பார்த்தா. தன் கைமணிக்கூட்டையும் பார்த்தா. எதையோ எழுதினா.

எனக்குள் றெயில் புறப்பட்டது.

மத்தியானம் தேத்தண்ணிக்கடையில் நான் தீர்ப்பைச் சொன்னேன். "ஆராய்ச்சியும் இல்லை, ஒண்டும் இல்லை. மாற்றல் பட்டியல் போட வந்திருக்கிறா. வேறை ஒரு தீவிலையும் இப்பிடித்தான் ஒருத்தர் வந்து மூலையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவராம். அடுத்த மாதம் மூண்டு பேருக்கு மாற்றமாம்."

"ஆர் சொன்னது?" என்று கேட்டா ரைப்பிஸ்ட் அக்கா.

"பஸ்ஸிலை ஒருத்தர்."

"அவருக்கு ஆர் சொன்னது?"

"அக்கா, மாற்றம் எண்டு வந்தால் உந்த விசாரணை எல்லாம் வைக்கமாட்டினம்."

பெரிய கிளாக்கர் பிளேன்ரீயை மெதுவாகக் கீழே வைத்தார். "ஐசே, நீர் பகிடிக்காரன். ஆனால் இது பகிடி மாதிரித் தெரியேல்லை" என்றார். அதோடு எல்லோரும் நம்பியாயிற்று. பியோன் அண்ணை அன்று பின்னேரமே பக்கத்துக் கடை றேடியோவைக் கேட்டு மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்கு வைத்தார். அது தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சரியான நேரம் காட்டியது. எங்கள் எல்லோருடைய நேரமும் பிழையாகிப் போனது.

சரியான ஒன்பது மணிக்கு என் பஸ் வேலணையைத்தான் தாண்டியிருக்கும். ஆகவே மறுநாள் விடியவே சைக்கிளை எடுத்தேன். தென்மேற்கால் அடிக்கும் சோளகக் காற்றுக் காலம். புங்குடுதீவுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நான் கிழக்கே மிதிக்க சைக்கிள் வடக்கே போனது. அலுவலகத்தில் போய் இறங்கியபோது சேட்டில் உப்பு, மூக்கில் உப்பு. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து எதையோ எழுதினா. 'உப்பு' என்று எழுதியிருக்கலாம்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு நானும் வேலணைக்காரர் இருவரும் பியோன் அண்ணையும் கையெழுத்து வைத்துவிட்டோம். ஒன்பது அடித்தது. கோடு கீறவேண்டிய சிவப்புப் பேனை பெரிய கிளாக்கரின் சட்டைப் பையில். பெரிய கிளாக்கர் பாதையில். பாதை காற்றில்.

ஒன்பது இருபதுக்கு வந்தார். குடை மறுபக்கம் மடிந்திருந்தது. இடாப்புக்கு முன்னால் போய் நின்றார். மூலையை ஒருதரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து எங்கள் பெயர்களுக்குக் கீழே அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு கீறினார். கீறிவிட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தார். இருபது வருடத்துக்கு மேற்பட்ட சேவையில் அவருக்கு அதுதான் முதல் அரைநாள்.

ரைப்பிஸ்ட் அக்கா ஒன்பது நாற்பதுக்கு வந்தா. அவவுக்கும் கோட்டுக்குக் கீழேதான் இடம்.

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் அப்படி நல்லவர்களாக இருந்தோம். ஒருவரும் பேப்பர் வாசிக்கவில்லை. வேலணைக்காரர் தங்கள் தோட்டத்துப் புகையிலைக் கன்றைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் என் மேசைக் கோப்புகளை அடுத்த மேசைக்குக் கொண்டுபோய், அங்கிருந்ததை என் மேசைக்குக் கொண்டுவந்து, பின்னேரம் மாற்றி வைத்தேன். பத்துமணித் தேத்தண்ணியும் நின்றுபோனதால் மத்தியானத்தில் எல்லோருக்கும் தலையிடி. அந்த அம்மா மட்டும் போத்தலைத் திறந்து ஆறுதலாகக் குடித்தா.

இரண்டாம் கிழமை திங்கட்கிழமை ஆளுக்கு நான்கு பக்கம் கொண்ட வினாத்தாள் தந்தா. றோணியோ அச்சு மை மணத்தது. முதல் வரியிலேயே அந்த வசனம்: பெயர் எழுதத் தேவையில்லை. கீழே வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து பெட்டி: முழுதும் சரி, ஓரளவு சரி, சொல்லத் தெரியாது, ஓரளவு பிழை, முழுதும் பிழை. "என் மேலதிகாரி நியாயமாக நடப்பவர்." "இங்கே தவறு நடந்தால் வெளியே சொல்லலாம்." "கூட வேலை செய்பவருக்காக விதியை வளைப்பது சரி." இப்படி.

"நாளைக்குத் தந்தால் போதும்" என்றா.

அன்று தேத்தண்ணிக்கடையில் அவசரக் கூட்டம். நான்தான் தலைவர்.

"கையெழுத்தைப் பார்த்துப் பிடிப்பினம். மையைப் பார்த்துப் பிடிப்பினம். ஆகவே எல்லாரும் ஒரே பேனை."

"சரி" என்றார்கள்.

"எல்லாரும் ஒரே விடை. முழுதும் சரி எண்டால் புளுகு எண்டு நினைப்பினம். முழுதும் பிழை எண்டால் குழப்படிக்காரர் எண்டு நினைப்பினம். சொல்லத் தெரியாது எண்டால் மோடன். ஓரளவு சரி. தொடக்கத்திலை இருந்து முடிவு மட்டும் ஓரளவு சரி."

"கடைசிப் பக்கத்திலை வசனம் எழுதக் கேட்டிருக்கு" என்றா ரைப்பிஸ்ட் அக்கா. "இந்த அலுவலகத்தில் நீங்கள் மிகவும் மதிக்கும் வழக்கம் எது எண்டு."

எல்லோரும் யோசித்தோம். பெரிய கிளாக்கர்தான் சொன்னார். "நேரம் தவறாமை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பயம்.

கலையும்போது பெரிய கிளாக்கர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "ஐசே, மேலதிகாரி எண்டது என்னையோ, இல்லை எனக்கு மேலை உள்ளவரையோ?"

"உங்களைத்தான் சேர்."

"அப்ப என்னைப் பற்றி நீர் என்ன போடப்போறீர்?"

"ஓரளவு சரி, சேர்."

"ஓரளவோ?" என்றார். முகம் வாடிவிட்டது. அன்று பின்னேரம் முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் ஒரே நீலப் பேனை மேசைக்கு மேசை ஊர்வலம் போனது. கடைசியாக என்னிடம் வந்தது. இங்கேதான் நான் மற்றவர்களுக்குச் சொல்லாத ஒரு கெட்டித்தனம் செய்தேன். பேனை ஒன்றாக இருந்தாலும் கை என் கைதானே? ஆகவே கோப்பு ஒன்றை மதில்போல நிறுத்திவைத்து, அதற்குப் பின்னால் இடக்கையால் எழுதினேன். 'நேரம் தவறாமை' என்று எழுதி முடிக்க இருபது நிமிடம் எடுத்தது. பார்த்தால் நண்டு நடந்த மாதிரி இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்த அம்மா ஆறையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தா. என் முகத்தைப் பார்த்தா. "உங்களோடை ஒரு அஞ்சு நிமிஷம் தனியாக் கதைக்கலாமோ?" என்றா.

கோப்பறைக்குப் போனோம். அந்தப் பத்தடி தூரத்தில் நான் தெற்கே போய்ச் சேர்ந்து, அறை வாடகைக்கு எடுத்து, பெட்டியையும் இறக்கிவிட்டேன்.

அந்த அம்மா கதிரையை எனக்குத் தள்ளிவிட்டா. "காலமை வலக்கையாலை இடாப்பிலை கையெழுத்து வைச்சனீங்கள். இப்ப இடக்கையாலை எழுதினனீங்கள்..." என்று தொடங்கினா.

அவ்வளவுதான். நான் உடைந்துபோனேன். ஒரு கேள்வியும் கேட்காமலே எல்லாவற்றையும் கக்கினேன். மணிக்கூட்டுக் கதை, வள்ளம், ஸ்ரூல், ஒரே பேனை, ஒரே விடை, போன மாதம் காய்ச்சல் என்று எழுதிவிட்டு மச்சானின் கலியாணத்துக்குப் போனது வரை. "என்னை மாத்திப்போடாதேங்கோ மிஸ். என்ரை பிள்ளை இப்பதான் என்னை அப்பா எண்டு கூப்பிடத் தொடங்கினது" என்று முடித்தேன்.

அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: "நான் கேக்க வந்தது, கைக்கு ஏதும் நோவோ எண்டு. காலமை சைக்கிளாலை விழுந்தனீங்கள் எண்டு பியோன் சொன்னவர்."

விழுந்தது உண்மை. பாலத்தில்.

"மாத்திறதுக்கு எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. நீங்கள் பயத்திலை சொன்ன எதையும் நான் எழுதவும் ஏலாது. அது எங்கடை விதி" என்று கொப்பியை மூடினா. மூடிவிட்டு, "ஆனால் ஒண்டு, எழுத இல்லை, அறிய ஆசை. உந்த மணிக்கூடு ஏன் வள்ளத்தைப் பார்க்கத் தொடங்கினது?" என்றா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் வருவதற்கு முதல் ஒரு காற்றுக் காலத்தில் ரைப்பிஸ்ட் அக்காவின் லீவு முழுவதும் கோட்டுக்குக் கீழேயே கரைந்துபோனதாம். தாய்க்குச் சுகமில்லாதபோது வீட்டில் நிற்பதற்கு ஒருநாள் லீவுகூட மிச்சமில்லையாம். பெரிய கிளாக்கர் கோடு கீறாமல் விடுகிற ஆளில்லை. கீறிவிட்டு மத்தியானம் சாப்பிடாமல் இருப்பாராம். ஒருநாள் பியோன் அண்ணை தன்பாட்டில் ஸ்ரூலில் ஏறினாராம். கேட்டதற்கு, "ஒன்பதுக்குக் கோடு கீறவேணும் எண்டுதானே சட்டம். ஒன்பது எத்தினை மணிக்கு வரவேணும் எண்டு சட்டத்திலை எங்கை கிடக்கு?" என்றாராம். பெரிய கிளாக்கர் கோப்புக்குள் தலையை விட்டது அன்றிலிருந்துதான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நான் வந்ததுக்குப் பிறகு அவவுக்கு எத்தினை அரைநாள் போச்சுது?" என்று கேட்டா.

"ஆறு."

கொப்பியை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தா. வெள்ளிக்கிழமை வரை இருப்பதாக வந்தவ, அன்று பின்னேரமே எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் புளியங்கூடல் பஸ்ஸில் ஏறிவிட்டா. புதன்கிழமை காலை பியோன் அண்ணை என்னையும் பார்க்காமல், ஒருவரையும் கேட்காமல், ஸ்ரூலை இழுத்துப் போட்டார்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. 'அதிகாரம் இல்லை' என்பது அதிகாரம் உள்ளவர்கள் சொல்வதுதானே? வீட்டுக்குப் போய் றங்குப்பெட்டியைப் பரணால் இறக்கித் தூசி தட்டினேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் என்ன கொலையே செய்தனீங்கள்?" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

"ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"உங்களைத் தெற்கை அனுப்பத் தேவையில்லை. வாயைத் தைச்சு இஞ்சையே வைச்சிருக்கலாம்."

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, மாமா போகப்போறாரோ?"

இரண்டு சேட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். உத்தரவு வந்தால் உடனே எடுக்கலாம் அல்லவா?

ஆறேழு மாதம் கழித்து ஒரு நீளமான உறை வந்தது. பெரிய கிளாக்கர் அதை மேசையில் வைத்துக் கத்தியால் ஆறுதலாக வெட்டினார். நான் கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஆராய்ச்சியின் சுருக்கம், றோணியோவில் எடுத்தது. அவர் எழுந்து நின்று வாசித்தார். பல அலுவலகங்கள் பற்றி ஏதேதோ இருந்தது. கடைசிப் பக்கத்தில் பெயர் குறிப்பிடாமல் எங்களுக்கென்று ஒரு வசனம்: தீவுப்பகுதி அலுவலகம் ஒன்றில் எல்லோரும் எல்லா வினாக்களுக்கும் ஒரே விடை அளித்திருந்ததாலும், மேலதிகாரி நியாயமானவர் என்ற வினாவுக்கும் நியாயமற்றவர் என்ற வினாவுக்கும் 'ஓரளவு சரி' என்றே எழுதியிருந்ததாலும், அந்தத் தாள்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

"நியாயமற்றவர் எண்டும் ஒரு கேள்வி இருந்ததோ?" என்றார் பெரிய கிளாக்கர்.

ஒருவரும் வினாக்களை வாசித்திருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அது ஒன்பதுக்குப் பத்து என்றது.

அன்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். என் இரண்டு சேட்டுக்கும் மேலே மகளின் சட்டை ஒன்று, மடிக்கத் தெரியாமல் மடித்தபடி இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியாது. நானும் கேட்கவில்லை.

என்னை ஒருவரும் மாற்றவில்லை. அதே கதிரையில் மேலும் நாலு வருடம் இருந்தேன். பிறகு மகளை யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டியிருந்ததால் மாற்றம் கேட்டு நானே விண்ணப்பம் போட்டேன். அது கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது.